போனில் டிவி பெயர் வரவில்லையா? பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு காஸ்டிங் வழிகாட்டி

பெங்களூரில் வாடகை வீடு பிடித்து, நெட் போட்டு, டிவியையும் சுவரில் மாட்டியாயிற்று. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். போனில் இருக்கும் படத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டலாம் என்று காஸ்ட் பட்டனை அழுத்தினால், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் டிவைஸ் எதுவும் இல்லை என்கிறது. சில ஆப்களில் அந்தப் பட்டனே தெரிவதில்லை, ஏனென்றால் டிவி கிடைத்தால்தான் பட்டனைக் காட்டுவது என்று அவை எழுதப்பட்டிருக்கின்றன. பிடிஎம் லேஅவுட்டில் நண்பர்கள் சேர்ந்து எடுத்த ஃபிளாட், எலக்ட்ரானிக் சிட்டியில் பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) அறை, அல்சூரில் மாடி போர்ஷன் என்று எங்கே இருப்பவரும் ஒருமுறையாவது இதில் மாட்டிக்கொள்கிறார்.

பெரும்பாலும் போனும் பழுதாகியிருக்காது, டிவியும் பழுதாகியிருக்காது. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று தடுக்கிறது. எது தடுக்கிறது என்று தெரிந்துவிட்டால் சரிசெய்வது சின்ன வேலை. தெரியாமல் கண்ட செட்டிங்கையெல்லாம் மாற்றிப் பார்ப்பதில்தான் ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விடுகிறது.

அதனால் முதலிலேயே ஒரு வேண்டுகோள். எடுத்த எடுப்பில் ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள், ரூட்டரையும் சரி, டிவியையும் சரி. 2025 மார்ச் 9 வாக்கில், டிவியில் சொருகிக் காஸ்ட் செய்ய உதவும் கூகுளின் கருவியான குரோம்காஸ்டின் இரண்டாம் தலைமுறையும் குரோம்காஸ்ட் ஆடியோவும் பல நாடுகளில் ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் நின்றன. உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழின் காலம் முடிந்துபோனதுதான் காரணம். ரீசெட் செய்ய வேண்டாம் என்று கூகுளே அறிவிக்க வேண்டி வந்தது. பொறுமையாக விட்டுவைத்தவர்களுக்குச் சில நாட்களில் அப்டேட் வந்து தானாகச் சரியானது. அவசரப்பட்டு ரீசெட் செய்தவர்கள் மறுபடி செட்டப் செய்ய முடியாமல், அதற்கென்று தனியாக ஒரு திருத்தம் வரும்வரை காத்திருந்தார்கள்.

பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. காஸ்ட் பட்டனை அழுத்தியதும் போன் இன்டர்நெட்டில் போய் டிவியைத் தேடுவதில்லை. உங்கள் வீட்டு வைஃபைக்குள் மட்டும் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கிறது: காஸ்ட் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அபார்ட்மென்ட் படிக்கட்டில் நின்று பொதுவாகக் கூப்பிடுவது மாதிரி. டிவி அதைக் கேட்டு, இருக்கிறேன், என் பெயர் இது, என் முகவரி இது என்று பதில் சொல்லும். அதன் பிறகுதான் பட்டியலில் பெயர் வரும். இந்த முறைக்கு எம்டிஎன்எஸ் என்று பெயர். இந்தக் குரல் ஒரு நெட்வொர்க்கைத் தாண்டி அடுத்ததற்குப் போகாது. அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

ஆகவே தேட வேண்டிய இடங்கள் நான்குதான். போன் குரலே கொடுக்காமல் இருக்கலாம். கொடுத்த குரல் வேறு பாதையில் போகலாம். ரூட்டர் அதை நடுவில் நிறுத்தலாம். அல்லது டிவி தூங்கிக்கொண்டோ, அந்த மொழியே தெரியாமலோ இருக்கலாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கூகுள் காஸ்டில் வீடியோ போன் வழியாக ஓடுவதில்லை. எந்த வீடியோ என்பதைப் போன் சொல்கிறது, டிவி தானாக இன்டர்நெட்டிலிருந்து எடுத்து ஓட்டுகிறது. போன் ரிமோட் வேலை மட்டும் செய்கிறது. அதனால் டிவிக்கும் நெட் வர வேண்டும். சாலையில் குழி தோண்டும்போது ஃபைபர் அறுந்து நெட் போன நாளில், வைஃபை சிக்னல் முழுதாகக் காட்டினாலும் காஸ்ட் வேலை செய்யாது.

முதல் படி: இன்னொரு போனை எடுங்கள்

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் ரூம்மேட் போனையோ அம்மா போனையோ வாங்கி, அதே வைஃபையில் சேர்த்து, யூடியூபைத் திறந்து காஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அந்தப் போனில் டிவி பெயர் வந்தால் சிக்கல் உங்கள் போனில். இரண்டிலும் வரவில்லை என்றால் ரூட்டரையோ டிவியையோ பார்க்க வேண்டும். தேட வேண்டிய இடம் இந்த ஒரு சோதனையிலேயே பாதியாகக் குறைந்துவிடும். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

யூடியூபில் டிவி பெயர் வருகிறது, மற்ற ஆப்பில் வரவில்லை என்றால் அதுவும் பெரிய துப்பு. உங்கள் நெட்வொர்க் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, டிவியின் வகையிலோ அந்த ஆப்பிலோதான் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாம் படி: உங்கள் டிவி எந்த வகை

போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்ப மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி, குரோம்காஸ்ட் குச்சி ஆகியவை கூகுள் காஸ்ட் பேசும். ஏர்டெல் எக்ஸ்ட்ரீம் பெட்டியும் இந்த வகைதான். ஐபோன், ஐபேடுக்கு ஏர்பிளே. மூன்றாவது மிராகாஸ்ட். போனின் திரையை அப்படியே டிவியில் காட்டுவது இது. சாம்சங் போனில் ஸ்மார்ட் வியூ என்று இருப்பதும் இந்த வழியைப் பயன்படுத்துகிறது.

சாம்சங் டிவி பெரும்பாலானவற்றில் கூகுள் காஸ்ட் கிடையாது. யூடியூப் மாதிரி ஒருசில ஆப்கள் வேறு வழியில் அதைக் கண்டுபிடித்துவிடும், மற்றவை கண்டுபிடிக்காது. அந்த மாதிரி டிவியில் போனிலிருந்து அனுப்புவதற்குப் போராட வேண்டாம். டிவியிலேயே ஜியோஹாட்ஸ்டாரோ சன் நெக்ஸ்டோ இருந்தால் ரிமோட்டில் திறந்து பாருங்கள். ஃபயர் டிவி ஸ்டிக்கும் இயல்பாகக் கூகுள் காஸ்ட் பேசாது. விலை குறைந்த சில டிவிகளில் ஆண்ட்ராய்டு இருக்கும், ஆனால் கூகுளின் சான்று இருக்காது. பெட்டியில் ஸ்மார்ட் டிவி என்று போட்டிருந்தாலும் உள்ளே கூகுள் காஸ்ட் இல்லையென்றால் எத்தனை ரீஸ்டார்ட் செய்தாலும் பெயர் வராது. வாங்குவதற்கு முன்பே பெட்டியில் கூகுள் காஸ்ட் அல்லது குரோம்காஸ்ட் பில்ட்-இன் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்மார்ட் என்ற ஒரு சொல்லை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

மிராகாஸ்ட் ரூட்டரையே நாடாது. போனும் டிவியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். அதனால் அங்கே பார்க்க வேண்டியவை வேறு: போனில் வைஃபை ஆன், ஹாட்ஸ்பாட் ஆஃப், இரண்டும் ஒரே அறையில், டிவியில் ஸ்கிரீன் மிரரிங் பக்கம் திறந்த நிலையில். பல டிவிகள் அந்தப் பக்கம் திறந்திருக்கும்போது மட்டுமே பதில் சொல்லும். கூகுள் தன் சொந்தப் போன்களிலிருந்து மிராகாஸ்டை 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-உடன் எடுத்துவிட்டது. கையில் இருப்பது பிக்சல் என்றால் இந்த வழியை நம்ப வேண்டாம்.

நெட்ஃபிளிக்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019-லேயே ஏர்பிளேயை நிறுத்திவிட்டார்கள். 2025 கடைசியில், தனி ரிமோட்டோடு வரும் பெரும்பாலான டிவிகளுக்கும் பெட்டிகளுக்கும் போனிலிருந்து காஸ்ட் செய்வதையும் எடுத்துவிட்டார்கள். மற்ற ஆப்பெல்லாம் டிவியைக் காட்டுகிறது, நெட்ஃபிளிக்ஸ் மட்டும் காட்டவில்லை என்றால் உங்கள் பக்கம் சரிசெய்ய ஒன்றும் இல்லை. டிவியில் இருக்கும் நெட்ஃபிளிக்ஸ் ஆப்பைத்தான் திறக்க வேண்டும்.

மூன்றாம் படி: இரண்டும் உண்மையிலேயே ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா

ஒரே வைஃபையில்தான் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். வைஃபை பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் கிடைக்கும் முகவரியைப் பாருங்கள். போனில் செட்டிங்ஸ், வைஃபை, இணைந்திருக்கும் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரக் குறி என்று போனால் ஐபி அட்ரஸ் இருக்கும். டிவியில் செட்டிங்ஸ், நெட்வொர்க், அதில் ஸ்டேட்டஸ். இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டு ரூட்டர்களில் வழக்கமாக முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும். போன் 192.168.1.7, டிவி 192.168.1.12 என்றால் சரி. டிவி 192.168.0.12 என்று இருந்தால் அவை இரண்டு தனி நெட்வொர்க்குகள். குரல் போய்ச் சேராது.

இது எப்படி நேர்கிறது? ஃபைபர் கம்பெனிக்காரர் மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டி தானே ஒரு ரூட்டர். அதற்கும் வைஃபை உண்டு. உள் அறைக்கு சிக்னல் வரவில்லை என்று நாம் இன்னொரு ரூட்டர் வாங்கி அதில் சொருகுகிறோம். டிவி பழைய பெட்டியின் வைஃபையில் இருக்கிறது, போன் புது ரூட்டரில் இருக்கிறது. இரண்டிலும் நெட் நன்றாக வருவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கீழ் வீட்டுக்கும் மாடிக்கும் ஒரே கனெக்‌ஷனைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளிலும் இதே நிலைதான்.

உடனடித் தீர்வு, இரண்டையும் ஒரே பெட்டியின் வைஃபையில் சேர்ப்பது. நிரந்தரத் தீர்வு, புது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு, அதாவது தனி நெட்வொர்க் போடாமல் பழைய பெட்டியின் நெட்வொர்க்கையே நீட்டும் நிலைக்கு மாற்றுவது. பெரும்பாலான ரூட்டர்களின் செட்டிங்ஸிலேயே அப்படி ஒரு தேர்வு இருக்கும். மாற்றியதும் வீடு முழுக்க ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். காஸ்ட் மட்டுமல்ல, பிரின்டர் கூட அதன் பிறகு ஒழுங்காகக் கிடைக்கும். சுவர் சாக்கெட்டில் சொருகும் வைஃபை எக்ஸ்டெண்டர் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை சோதியுங்கள். சில எக்ஸ்டெண்டர்கள் இந்தப் பொதுக்குரலைக் கடத்துவதில்லை.

வைஃபை பெயரின் கடைசியில் 5ஜி என்று ஒட்டியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது மொபைல் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. ஒரே ரூட்டரின் 2.4-இல் டிவியும் 5-இல் போனும் இருந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. இருந்தும் சில ரூட்டர்களில் இந்த இரண்டுக்கும் நடுவில் குரல் தடுமாறும். சோதனைக்காக இரண்டையும் 2.4-இல் சேர்த்துப் பாருங்கள். 2013-இல் வந்த முதல் குரோம்காஸ்டுக்கு 2.4 மட்டும்தான் தெரியும், 5-ஐ அதனால் பார்க்கவே முடியாது.

நான்காம் படி: போனுக்குள்

இன்னொரு போனில் டிவி தெரிந்து உங்களுடையதில் மட்டும் தெரியவில்லை என்றால் இந்தப் பகுதி உங்களுக்கு.

பெங்களூரில் முதலில் பார்க்க வேண்டியது விபிஎன், அதாவது போனின் நெட் போக்குவரத்தை வேறு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஏற்பாடு. ஆபீஸ் வேலைக்காகப் போட்டது காலையில் ஆன் ஆகி ராத்திரி வரை ஓடிக்கொண்டிருக்கும். விளம்பரங்களைத் தடுக்கும் சில ஆப்களும் உள்ளுக்குள் விபிஎன் ஆகத்தான் வேலை செய்கின்றன. திரையின் மேலே சின்னச் சாவிக் குறி தெரிந்தால் அதை நிறுத்திவிட்டுத் தேடுங்கள். கம்பெனி கொடுத்த போனாக இருந்து, விபிஎன்னை அணைக்கவே முடியவில்லை என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அது கம்பெனியின் பாதுகாப்பு ஏற்பாடு. சொந்தப் போனிலிருந்து காஸ்ட் செய்யுங்கள்.

அடுத்தது அனுமதி. ஐபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், வீட்டு நெட்வொர்க்கில் தேட ஒவ்வொரு ஆப்பும் தனி அனுமதி கேட்க வேண்டும். முதல்முறை கேட்டபோது வேண்டாம் என்று தட்டியிருந்தால் அது மறுபடி கேட்காது. செட்டிங்ஸ், ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, லோக்கல் நெட்வொர்க் என்று போய் அந்த ஆப்பின் ஸ்விட்சை ஆன் செய்யுங்கள். ஏற்கெனவே ஆன் என்று காட்டினாலும் ஒருமுறை ஆஃப் செய்து, ஆன் செய்து, போனை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆண்ட்ராய்டில் 2022-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து நியர்பை டிவைசஸ் என்ற அனுமதி பார்க்க வேண்டியது. புதிதாக டிவியைச் செட்டப் செய்வதற்குக் கூகுள் ஹோம் ஆப் லொகேஷனையும் கேட்கும், கொடுங்கள்.

வைஃபை கொஞ்சம் பலவீனமானதும் சொல்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவும் பழக்கம் பல போன்களுக்கு உண்டு. பார்ப்பவருக்கு வைஃபையில் இருப்பதாகவே தோன்றும். சோதிக்கும்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். பேட்டரி சேவரையும் அணையுங்கள், தேடும் வேலையை அது குறைத்துவிடலாம்.

ஆண்ட்ராய்டில் உண்மையில் தேடுவது கூகுள் பிளே சர்வீசஸ். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய் அதன் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) மட்டும் அழியுங்கள். பக்கத்திலேயே டேட்டாவை அழிக்கும் பட்டனும் இருக்கும். அதைத் தொட வேண்டாம், தேவையில்லாத தலைவலி. பிறகு போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இவ்வளவும் செய்து தெரியவில்லை என்றால், போனில் அந்த வைஃபையை மறக்கச் சொல்லி, பாஸ்வேர்ட் போட்டுப் புதிதாகச் சேருங்கள்.

ஐந்தாம் படி: ரூட்டர்

முதலில் ரூட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். கரண்ட் போய் வந்த பிறகுதான் இந்தச் சிக்கல் தொடங்கியது என்றால் வரிசை முக்கியம்: முதலில் ஃபைபர் பெட்டி, பிறகு ரூட்டர் இருந்தால் ரூட்டர், நெட் வந்தது உறுதியான பிறகு டிவி. கரண்ட் வந்ததும் எல்லாம் ஒன்றாக எழும்போது, ரூட்டர் தயாராகும் முன்பே டிவி தேடிப் பார்த்துவிட்டு, சேமித்து வைத்த வேறு வைஃபைக்குப் போய் ஒட்டிக்கொள்வது உண்டு.

அதிலும் சரியாகவில்லை என்றால் ரூட்டருக்குள் போக வேண்டும். பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் 192.168.1.1 போன்ற முகவரியும் யூசர் நேம், பாஸ்வேர்டும் இருக்கும். பிரவுசரில் அந்த முகவரியைத் திறந்து, வைஃபை பகுதியில் ஏபி ஐசொலேஷன், கிளையன்ட் ஐசொலேஷன், வயர்லெஸ் ஐசொலேஷன் என்று ஏதாவது ஒரு பெயரில் இருப்பதைத் தேடுங்கள். இது ஆன் ஆக இருந்தால், ஒரே வைஃபையில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாது, இன்டர்நெட் மட்டும் கிடைக்கும். சொந்த வீட்டு நெட்வொர்க்கில் இதை ஆஃப் செய்யுங்கள். கெஸ்ட் வைஃபையில் இது இயல்பாகவே ஆன் ஆக இருப்பது வழக்கம். டிவியையோ போனையோ கெஸ்ட் வைஃபையில் சேர்த்திருந்தால் மெயின் வைஃபைக்கு மாற்றுங்கள். மல்டிகாஸ்ட் (பொதுக்குரலைக் கடத்துவது), யூபிஎன்பி (கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க உதவுவது) என்று இருப்பவை ஆன் ஆக இருக்கட்டும். மல்டிகாஸ்டைக் கட்டுப்படுத்தும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் இருந்தால் அதை மாற்றி வைத்து ஒருமுறை சோதிக்கலாம், பலன் இல்லையென்றால் பழைய நிலைக்கே கொண்டுவாருங்கள். மாற்றிய ஒவ்வொன்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் நான்கை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

ஐசொலேஷன்தானா என்று உறுதிசெய்ய ஃபிங் போன்ற ஒரு ஆப் போதும். நெட்வொர்க்கை அலசி, சேர்ந்திருக்கும் கருவிகளை அது பட்டியலிடும். வீட்டில் நான்கு போன், ஒரு டிவி இருந்தும் உங்கள் போனும் ரூட்டரும் மட்டும் தெரிந்தால், ஐசொலேஷன் என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிடலாம். டிவியும் பட்டியலில் இருக்கிறது, காஸ்டில் மட்டும் வரவில்லை என்றால் மல்டிகாஸ்ட் செட்டிங்கையோ டிவியையோ பாருங்கள்.

சில கம்பெனிப் பெட்டிகளில் இந்த செட்டிங்குகளைப் பூட்டி வைத்திருப்பார்கள். அப்போது நெட் கம்பெனியின் டெக்னீஷியனைத்தான் கூப்பிட வேண்டும். வருபவர் கன்னடமோ இந்தியோ பேசுபவராக இருப்பார். 'ஏபி ஐசொலேஷன் ஆஃப் மாடி கொடி' (கன்னடத்தில், ஆஃப் செய்து கொடுங்கள்) என்று அவரிடம் சொன்னால் என்ன வேண்டும் என்று உடனே புரிந்துகொள்வார். நெட் ஸ்லோ என்று பொதுவாகச் சொன்னால் வேகத்தை மட்டும் சோதித்துவிட்டுப் போய்விடுவார்.

பிஜியில் இருப்பவர்களுக்கு

பிஜி, கோ-லிவிங் வைஃபையில் ஐசொலேஷன் தெரிந்தேதான் போடப்பட்டிருக்கும். ஓனரிடம் அதை எடுக்கச் சொல்லிச் சண்டை போட வேண்டாம், அது உங்களுக்கும் பாதுகாப்பு. ஐம்பது பேர் சேர்ந்திருக்கும் வைஃபையில் அது இல்லாவிட்டால், பக்கத்து அறைக்காரர் அனுப்பும் படம் உங்கள் டிவியில் ஓடும். உங்கள் லேப்டாப்பையும் யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம். அதோடு, பல பிஜிகளில் பிரவுசரில் ஒரு பக்கம் திறந்து மொபைல் எண், ஓடிபி போட்டால்தான் நெட் வரும். பல டிவிகளில் அந்தப் பக்கமே திறக்காது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த வழி யூடியூபின் டிவி கோட். டிவிக்கு எப்படியாவது நெட் வந்துவிட்டால் போதும், போன் வேறு நெட்வொர்க்கில் இருக்கலாம், மொபைல் டேட்டாவில் கூட இருக்கலாம். டிவியில் யூடியூபைத் திறந்து, செட்டிங்ஸில் லிங்க் வித் டிவி கோட் என்பதற்குப் போனால் ஒரு நீண்ட எண் வரும். போனின் யூடியூப் செட்டிங்ஸில் வாட்ச் ஆன் டிவி, எண்டர் டிவி கோட் என்று போய் அந்த எண்ணை அடியுங்கள். இணைப்பு கூகுளின் சர்வர் வழியாக நடப்பதால் ரூட்டர் எதையும் தடுக்க முடியாது. பக்திப் பாடல், பழைய படம், செய்தி என்று யூடியூப் மட்டுமே பார்க்கும் பெற்றோருக்கு இது ஒன்றே போதும்.

எல்லா ஆப்பும் வேண்டும் என்றால், சின்ன ரூட்டர் ஒன்றை வாங்கி அறைக்குள் வையுங்கள். அறையில் லேன் சாக்கெட் இருந்தால் அதில் சொருகலாம். இல்லையென்றால் டபிள்யூஐஎஸ்பி மோட் உள்ள ரூட்டராகப் பார்த்து வாங்குங்கள். அது பிஜி வைஃபையில் தான் ஒரு கருவியாகச் சேர்ந்து, உங்களுக்கென்று தனி வைஃபை கொடுக்கும். ஓடிபி பக்கத்தை உங்கள் போனிலிருந்து ஒருமுறை கடந்தால் பெரும்பாலும் ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் டிவிக்கும் நெட் வந்துவிடும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் இப்படிப்பட்ட ரூட்டர்கள் கிடைக்கும். அந்த மோட் இருக்கிறதா என்று கடையிலேயே பெட்டியைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாட்டுவது மரியாதை.

போன் ஹாட்ஸ்பாட்டும் ஒரு வழிதான். டிவியை ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துவிட்டு அதே போனிலிருந்து காஸ்ட் செய்வது சில மாடல்களில் வரும், சிலவற்றில் வராது. ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இன்னொரு போனையும் டிவியையும் அதில் சேர்த்தால் வர வாய்ப்பு அதிகம். டேட்டாவைக் கவனியுங்கள்: எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 3 ஜிபி போகலாம். தினம் 2 ஜிபி பேக் ஒரு முழுப் படத்துக்குத் தாங்காது.

ஆறாம் படி: டிவி

ரிமோட்டில் அணைத்தால் டிவி முழுதாக அணைவதில்லை. பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டு மறுபடி சொருகுங்கள். பிறகு தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நேரம் தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாததாகத் தெரிந்து இணைப்பு முறியும். நேரத்தை நெட்டிலிருந்து தானாக எடுக்கும்படி வையுங்கள். ஆண்ட்ராய்டு டிவியில் ஆப்ஸ் பட்டியலில் சிஸ்டம் ஆப்ஸைக் காட்டச் சொன்னால் குரோம்காஸ்ட் பில்ட்-இன் அல்லது கூகுள் காஸ்ட் என்று ஒன்று இருக்கும். அது டிசேபிள் ஆகியிருந்தால் எனேபிள் செய்து, அப்டேட் இருந்தால் போடுங்கள்.

ஃபர்னிஷ்டு ஃபிளாட்டில் வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போன டிவி என்றால் மட்டும் கதை வேறு. முன்பு குடியிருந்தவரின் கூகுள் கணக்கு அதில் அப்படியே கிடக்கலாம். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்து உங்கள் கணக்கில் புதிதாகத் தொடங்குங்கள். காஸ்ட் வேலை செய்தாலும் இதைச் செய்யுங்கள். முன்னவர் பார்த்தது உங்களுக்குத் தெரிவதும், நீங்கள் பார்ப்பது அவர் கணக்கில் பதிவதும் இருவருக்கும் நல்லதல்ல. வீட்டைக் காலி செய்யும்போது உங்கள் கணக்கையும் அதேபோல நீக்கிவிட்டுப் போங்கள்.

கேபிள்

அவசரத்துக்கு எச்டிஎம்ஐ கேபிள் நல்லது. லேப்டாப் இருந்தால் நேராகச் சொருகலாம். போனிலிருந்து என்றால் டைப்-சி டு எச்டிஎம்ஐ அடாப்டர் வேண்டும். ஆனால் எல்லாப் போனின் டைப்-சி துளையும் வீடியோ அனுப்பாது, பட்ஜெட் போன்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை. 2023-இல் வந்த ஐபோன் 15 வரிசையில் உண்டு. போனின் விவரக்குறிப்பில் டிஸ்பிளேபோர்ட் என்று இருந்தால் மட்டும் அடாப்டர் வாங்குங்கள். கடைக்குப் போனையே எடுத்துப் போய், அங்குள்ள திரையில் சொருகிப் பார்த்து வாங்குவது இன்னும் நல்லது.

டெக்னீஷியனைக் கூப்பிட வேண்டி வந்தால்

போன் போடும் முன் நான்கு விவரங்களைத் தாளில் எழுதி வையுங்கள்: உங்கள் போனின் ஐபி, டிவியின் ஐபி, இன்னொரு போனில் டிவி தெரிகிறதா, யூடியூப் டிவி கோட் வழியாக இணைகிறதா. நான்காவதற்கு ஆம் என்றும் மூன்றாவதற்கு இல்லை என்றும் பதில் வந்தால், டிவிக்கு நெட் வருகிறது, வீட்டுக்குள் குரல்தான் போகவில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும். நேராக ரூட்டரின் ஐசொலேஷன் பக்கத்தைத் திறப்பார். அவர் கிளம்பும் முன் டிவியை ஆன் செய்து, உங்கள் போனில் காஸ்ட் பட்டனை அழுத்தி, பட்டியலில் பெயர் வருவதைப் பார்த்த பிறகு, புகாரை முடிக்க அவர் கேட்கும் ஓடிபியைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் புகார் முடிந்ததாகப் பதிவாகிவிடும், மறுபடி அழைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.